ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் வைக்கப் போகிறீர்களா?

புதுப் பெயர் யோசிக்க உட்காரும் முன், அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே என்னென்ன பெயர் ஓடுகிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் இருக்காது. ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்று, நட்சத்திரம் மேடையில் கூப்பிடுவது ஒன்று, பத்திரிகைக்காரர் எழுதுவது ஒன்று, எதிர் முகாம் சூட்டியது ஒன்று என்று நாலு வகையாவது கிடைக்கும். இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள். ஒன்று படமோ ஆட்டமோ வெளியாகும் வாரமாக இருக்கட்டும், இன்னொன்று எதுவுமே நடக்காத வாரமாக இருக்கட்டும். வெளியீட்டு வாரத்தில் யாரும் எதையும் கத்துவார்கள். செய்தியே இல்லாத வாரத்தில் ஒருவர் தன் பயோவில் தன்னை என்னவென்று எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது யார் வாயிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். பெயரின் அர்த்தத்தை விட இந்தக் குறிப்புதான் முக்கியம். ‘வெறியன்’ என்று தெருவில் ஒருவரைச் சொன்னால் அடி விழும். அதே ஆள் ஆட்டோவின் பின்கண்ணாடியில் ‘ரஜினி வெறியன்’ என்று தானே எழுதி வைத்திருப்பார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரின் ரசிகர்களுக்கு ‘டிரெக்கி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியாட்கள் அதை நமட்டுச் சிரிப்போடு சொன்னதால், ரசிகர்களில் ஒரு பகுதியினர் ‘நாங்கள் டிரெக்கர்’ என்று திருத்த ஆரம்பித்தார்கள். வித்தியாசம் வாலில் மட்டும்தான், ஆனாலும் இந்த வழக்கு பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. டிரெக்கி என்பதைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டவர்களும் ஏராளம். எனவே ஏற்கெனவே இரண்டு பெயர் புழங்கும் கூட்டத்தில் ஒன்றை ஒழித்து மற்றதை நிறுவ முயலாதீர்கள். பொது அறிவிப்பில் ‘ரசிகர்கள்’ என்று போடுங்கள், தனி ஆளிடம் பேசும்போது அவர் தன்னை என்ன சொல்கிறாரோ அதைச் சொல்லுங்கள்.

நல்ல எண்ணத்தில் வைத்த பெயரும் புளித்துப்போவது உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் வாசகர்களைக் குறிக்கும் ‘ஜேனைட்’ என்ற சொல்லை 1894-இல் விமர்சகர் ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி பெருமையாகத்தான் எழுதினார். பிற்பாடு அதுவே ‘கண்மூடித்தனமாக உருகுகிறவர்’ என்று கிண்டலடிக்கவும் பயன்பட்டது.

பெயரைச் சோதிப்பது

பதினைந்து இருபது பெயர் சேர்த்து, கீழே சொல்லும் சோதனைகளில் போட்டு ஐந்தாகக் குறையுங்கள்.

முதலில் தேடல். பெயரை அப்படியே தேடுபெட்டியில் போட்டு, முதல் இரண்டு பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ‘தல’ என்று தேடினால் அஜித்தும் வருவார், தோனியும் வருவார். ‘தளபதி’ என்று தேடினால் விஜய், 1991-இல் வந்த ரஜினி படம், அரசியல் மேடை எல்லாம் ஒன்றாகக் கொட்டும். ‘ஆர்மி’ என்ற சொல்லின் கதையும் இதுதான். 2013 ஜூலையில் கொரியாவின் பி.டி.எஸ். பாடகர் குழுவின் ரசிகர்களுக்கு அது அதிகாரப்பூர்வப் பெயரானது. நம் ஊரில் 2017-இல் பிக்பாஸ் முதல் சீசனில் ‘ஓவியா ஆர்மி’ கிளம்பியது. அதற்குப் பின் வந்த சீசன்களில் போட்டியாளர் உள்ளே போன மறுநாளே அவர் பெயரில் ஓர் ஆர்மி முளைத்தது. தேய்ந்துபோன சொல். யாருடைய ஆர்மி என்று அடைமொழி போட்டால்தான் விளங்கும் என்ற நிலைக்கு வந்த சொல்லைப் புதிதாக எடுப்பதில் லாபமில்லை.

அடுத்தது ஆங்கில எழுத்து. தமிழில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஹேஷ்டேக்கில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். ‘தளபதி’யின் கடைசி எழுத்துக்கு ‘ஒய்’ போடுகிறவர்கள் ஒரு கட்சி, ‘ஐ’ போடுகிறவர்கள் இன்னொரு கட்சி. இப்படி ஒரே கூட்டத்தின் பதிவுகள் இரண்டு டேக்காகச் சிதறும். ‘ழ’ இருந்தால் இன்னும் மோசம். சிலர் ‘இசட் எச்’ போடுவார்கள், சிலர் வெறும் ‘எல்’ போடுவார்கள். ஐந்து பேரிடம் பெயரைத் தொலைபேசியில் வாயால் மட்டும் சொல்லி, ஆங்கிலத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதமான எழுத்துக்கூட்டல் வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். நீளத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ் தளத்தில் ஹேண்டில், அதாவது கணக்கின் பெயர், 15 எழுத்துக்கு மேல் போகாது, இன்ஸ்டாகிராமில் 30 வரை இடம் உண்டு. நட்சத்திரத்தின் பெயரும் கூட்டத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து 15-க்குள் அடங்குமா என்று எண்ணிப் பாருங்கள். மாவட்டப் பேஜ்கள் தொடங்கும்போதுதான் இந்த இடநெருக்கடி தெரியவரும்.

மூன்றாவது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பது. ‘வெறியன்’, ‘தம்பிகள்’, ‘பசங்க’ என்று வைத்தால் கூட்டத்தில் இருக்கும் பெண்கள் முதல் நாளே ஒதுங்குவார்கள். விஜய் மேடையில் ‘நண்பா’ என்பதோடு ‘நண்பி’யையும் சேர்த்தே கூப்பிடுவது வெறும் எதுகைக்காக அல்ல. ‘ர்’ விகுதியில் முடியும் பெயர், ஆண்பால் பெண்பால் காட்டாத பெயர், பொருளின் பெயர் எல்லாம் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடும்.

பிறகு கத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு அசைக்குள் இருந்தால் தியேட்டரில் விசிலுக்கு நடுவே நிற்கும். ஐந்தைத் தாண்டினால் ரசிகர்களே சுருக்கிவிடுவார்கள், அந்தச் சுருக்கம் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது.

கடைசியாக, எதிர் முகாமில் இருக்கும் நக்கல் பேர்வழி ஒருவரிடம் பெயரைக் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். எதுகை, எழுத்துப் பிழை, மீம் எல்லாவற்றையும் அவரே செய்து காட்டிவிடுவார். அதைப் பார்த்த பிறகும் பெயர் தாங்கினால் வைக்கலாம்.

பட்டத்தின் மேல் கூட்டத்தின் பெயரைக் கட்டாதீர்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நட்சத்திரத்தின் பட்டப்பெயரை எடுத்து, அதன் பின்னால் ‘படை’, ‘ஃபேன்ஸ்’, ‘பக்தர்கள்’ என்று ஒட்டிவிடுவார்கள். பட்டம் போனால் கூட்டத்தின் பெயரும் கூடவே போகும். 2021 டிசம்பர் 1 அன்று அஜித் ஓர் அறிக்கை விட்டார். இனி ‘தல’ என்றோ வேறு பட்டம் சேர்த்தோ எழுத வேண்டாம், அஜித்குமார், அஜித், ஏகே இவற்றில் ஒன்று போதும் என்றார். 2024 நவம்பரில் கமல்ஹாசன் ‘உலகநாயகன்’ வேண்டாம் என்றார். 2025 மார்ச்சில் நயன்தாரா ‘லேடி சூப்பர் ஸ்டார்’ வேண்டாம் என்றார். அறிக்கை வந்த நிமிடத்தில் எத்தனை பேஜ்களின் பெயர் அந்தரத்தில் தொங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரசிகருக்கு இதில் வரும் வலி விசித்திரமானது. திட்டியவர் எதிரி அல்ல, விலக்கச் சொன்னவர் தன் ஆள். ஆகவே அட்மின்கள் உடனே ‘இனி யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது’ என்று கம்பெடுப்பது சரிவராது. பேஜின் பெயர், பேனர், டேக் ஆகியவற்றில் மாற்றுங்கள், அவை கூட்டத்தின் முகம். கமென்ட்டில் பழைய பழக்கத்தில் எழுதுகிறவரை விட்டுவிடுங்கள். கோஷத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2024 டிசம்பரில் ‘கடவுளே... அஜித்தே’ கோஷத்தைப் பொது இடங்களில் எழுப்ப வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பொது இடத்தில் மற்றவருக்குத் தொந்தரவாகும் விஷயத்தில் அட்மின் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும்.

வாக்கெடுப்பு

எக்ஸ் தளத்தில் எல்லோருக்கும் திறந்த ‘போல்’ (இணைய வாக்கெடுப்பு) வைத்துப் பெயர் தேர்ந்தெடுப்பது தற்கொலை. நான்கு தேர்வுகள்தான் போட முடியும், யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், எதிர் முகாம் மொத்தமும் வந்து ஆகக் கேவலமான பெயரைத் தூக்கிவிடும். குழுவுக்குள்ளேயே நடத்துங்கள். வாட்ஸ்அப் போலில் 12 தேர்வுகள் வரை போடலாம். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், மூத்த நிர்வாகி ஒன்றைத் தொட்டால் பின்னாலேயே ஐம்பது பேர் அதையே தொடுவார்கள். டெலிகிராமில் வாக்களித்தவர் பெயர் தெரியாத ‘போல்’ வைக்கலாம் என்பதால் அது மேல். ஐந்து பெயரோடு முதல் சுற்று, முதலிரண்டு இடம் பிடித்தவற்றோடு இரண்டாம் சுற்று, இடையில் மூன்று நாள் இடைவெளி. அந்த மூன்று நாளில் இரண்டு பெயரையும் சாதாரணப் பேச்சில் புழங்க விடுங்கள். வாக்கில் ஜெயித்த பெயர் வாயில் வராமல் போவது நிறைய நடக்கும்.

எதிரி வைத்த பெயர்

2011 தேர்தலை ஒட்டி விஜய் தன் பங்கை ராமருக்கு உதவிய அணிலோடு ஒப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு, அவர் ரசிகர்களை எதிர் முகாம் ‘அணில்’ என்றது. பதிலுக்கு அஜித் ரசிகர்கள் ‘ஆமை’ ஆனார்கள். இப்படி ஒரு பெயர் விழுந்தால் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மறுப்பு அறிக்கை விட்டால் அதுவே பெயரைப் பரப்பும். பிறகு உங்கள் ஆட்களின் பதிவுகளைப் பாருங்கள். அவர்களே சிரித்துக்கொண்டு அந்த எமோஜியைப் போட ஆரம்பித்திருந்தால் தடுக்காதீர்கள். யாருமே தொடவில்லை என்றால் நீங்களும் தொடாதீர்கள். அட்மின் மட்டும் முந்திக்கொண்டு ‘ஆமாம், நாங்கள் அணில்தான்’ என்று பதிவு போட்டால் கூட்டம் அதை அவமானமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

வசவைப் பெருமையாக மாற்றியவர்களில் இங்கிலாந்து கிரிக்கெட் ரசிகர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த 1994-95 ஆஷஸ் டெஸ்ட் தொடரில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, இவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் ‘பார்மி ஆர்மி’, அதாவது கிறுக்குப் பட்டாளம் என்றன. இவர்கள் அதையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அது செல்லுபடியானதற்குக் காரணம், கிண்டல் அவர்கள் செய்த காரியத்தைப் பற்றியது, அவர்கள் பிறப்பைப் பற்றியது அல்ல.

பிறப்பைப் பற்றிய வசவாக இருந்தால் கதையே வேறு. லண்டனின் டாட்டன்ஹாம் கால்பந்து அணி ரசிகர்களை எதிரணியினர் யூதர்களை இழிவுபடுத்தும் ‘யிட்’ என்ற சொல்லால் ஏசினார்கள். யூதர் அல்லாத ரசிகர்களும் சேர்ந்து, யூத ரசிகர்களுக்கு அரணாக அந்தச் சொல்லைத் தங்கள் கோஷமாக்கிக்கொண்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லின் வடு யூதர்களுடையது, பாடுகிறவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல. 2019-இல் கிளப் நடத்திய கருத்துக்கேட்பில் 23,000-க்கு மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். 2022-இல் கிளப் அந்தச் சொல்லைக் கைவிடச் சொல்லி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. எனவே சாதி, மதம், நிறம், ஊனம், பாலினம் இவற்றைத் தொடும் பெயரை எந்தச் சாக்கிலும் எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிர் முகாமுக்கும் வைக்காதீர்கள். உங்கள் குழுவில் ஒருவர் வைத்தால் பதிவை நீக்கி, ஏன் நீக்கினோம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

அறிவித்த பிறகு

தமிழில் ஓர் எழுத்துக்கூட்டல், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்து, பேஜின் உச்சியில் நிற்கும்படி ‘பின்’ செய்த பதிவில் வையுங்கள். டேக்கை மாலை ஆறு மணிக்கு வெளியிடுவதாக இருந்தால் காலையிலேயே கசிய விடாதீர்கள். மொத்த எண்ணிக்கையை விடத் திடீர் எழுச்சியைத்தான் டிரெண்டிங் கணக்கில் எடுக்கும். முந்தைய நாளே சொட்டுச்சொட்டாகப் போட்டால் ஆறு மணிக்கு எழும்பாது.

பனியன் அடிக்கும் ஆசை வரும். விற்பதாக இருந்தால் அதற்கு முன் இந்திய வணிகமுத்திரைப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், பொதுத் தேடல் இலவசம். ஆடைகளுக்கு 25-ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ரசிகர் பெயர்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், ‘ஸ்விஃப்டீஸ்’ என்ற தன் ரசிகர்களின் பெயரை அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தரப்பே முத்திரையாகப் பதிந்து வைத்திருக்கிறது. நட்சத்திரத்தின் படமோ பெயரோ சேர்ந்தால் அவர் தரப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காசு வாங்காதீர்கள்.

பெயரை மாற்ற நேர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொரியாவின் டி.எக்ஸ்.டி. பாடகர் குழுவுக்கு 2019-இல் முதலில் அறிவித்த ‘யங் ஒன்’ என்ற ரசிகர் பெயரை நிறுவனமே விலக்கிக்கொண்டு ‘மோவா’ என்று மாற்றியது. சீக்கிரம் மாற்றுவதுதான் முக்கியம், பனியன் அடிப்பதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. மாற்றும்போது பழைய ஹேண்டிலை விட்டுவிடாதீர்கள். இன்னொரு கணக்கு திறந்து, புதுப் பேஜின் இணைப்போடு அந்தப் பெயரைப் பூட்டி வையுங்கள். கைவிட்ட ஹேண்டிலை எதிர் முகாம் எடுத்துக்கொண்டால், உங்கள் பழைய பதிவுகளில் டேக் செய்யப்பட்ட இடமெல்லாம் அவர்களுடைய மீம் பக்கத்துக்கு வழிகாட்டும்.