பழைய மருந்து விளம்பரமும் டிரங்குப் பெட்டியும்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, செங்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்போது, பரணிலும் பெட்டிக்கு அடியிலும் விரித்திருந்த பத்திரிகைத் தாள்கள் இப்போதும் அகப்படுகின்றன. எடுத்தவுடன் கண் போவது விளம்பரத்துக்குத்தான். தாது புஷ்டி லேகியம், சர்வரோக நிவாரணி, யானைக்கால் தைலம், எஃகு டிரங்கு, படுக்கை சுருட்டும் ஹோல்டால், கூஜா. உடனே படம் பிடித்து, மேலே இரண்டு வரி எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறோம். அந்த இரண்டு வரிதான் என் கவலை. சில மாதத்தில் அதுவே ஊர் வரலாறு என்று நின்றுவிடுகிறது. தமிழக-கேரள எல்லைப் பகுதிக்காரர்களான நமக்கு இதில் தவறுவதற்கு வாய்ப்பும் கூடுதல்.

முதல் தவறு தேதி. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னையோடு சேர்ந்தவை அல்ல. முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. செங்கோட்டையும் அப்படியே. அங்கே மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் புழக்கம். தாளில் ‘99’ என்று பார்த்ததும் 1899 என்று எழுதிவிடுகிறார்கள். பெரியவர்கள் இன்றும் சொல்லும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ கொல்லம் 1099 ஆடியில் வந்தது. நம் கணக்கில் 1924 ஜூலை. கால் நூற்றாண்டு பிசகிப் போகிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். வெறும் ‘ஆனந்த வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அது 1914லும் பிறந்தது, 1974லும் பிறந்தது. விலை அணாவிலா, நயா பைசாவிலா என்று பாருங்கள். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது.

படத்தை வைத்து ஆண்டு சொல்வதும் ஆபத்து. விளம்பரப் படத்துக்குச் செதுக்கிய பிளாக்கை அச்சகங்கள் எளிதில் தூக்கி எறிவதில்லை. அதே தொப்பிக்காரத் துரையும் அதே பெட்டியும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்.

அடுத்தது விலை. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலியில், அணா; இந்தப் பக்கம், திருவிதாங்கூரில், சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. ஆகவே ‘குப்பி ஒன்று 14 சக்கரம்’ என்றால் கிட்டத்தட்ட எட்டணா. இதைச் சில்லறைக் காசாக நினைத்து ‘அந்தக் காலத்தில் எவ்வளவு மலிவு’ என்று எழுதுவது பெரிய தவறு. அதே தாளில் அரிசி விலை இருக்கும், ‘ஆள் தேவை’ அறிவிப்பில் சம்பளம் இருக்கும். அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் குப்பி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் என்று தெரியும்.

‘கிடைக்குமிடம்: சென்னை’ என்று இருப்பதாலேயே அது சென்னைப் பத்திரிகை ஆகிவிடாது. தமிழ்ப் பத்திரிகை என்றாலே சென்னை, மதுரை என்று நினைப்பதும் அப்படித்தான். தினமலர் 1951ல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். 1957ல்தான் திருநெல்வேலிக்குப் போனது.

டிரங்கு, ஹோல்டால் விளம்பரங்களைப் பார்த்து ‘ரயில் வந்ததும் நாகர்கோவிலில் பயண மோகம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979ல். கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904ல் திறந்தது, திருவனந்தபுரத்துக்கு 1918ல் வண்டி வந்தது, நமக்குத்தான் அவ்வளவு காலம் காத்திருப்பு. அதற்கு முன்பு ரயில் பிடிக்க வேண்டும் என்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ மாட்டு வண்டியிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். விளம்பரத்தில் ‘ரயில் பார்சலில் அனுப்பப்படும்’ என்று இருந்தாலும், நம் ஊருக்குக் கடைசித் தூரம் ரோடுதான்.

அந்தப் பெட்டிகளை உல்லாசப் பயணச் சாமானாகப் பார்ப்பதும் எனக்கு ஒப்பவில்லை. இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்கள், மலேயாவுக்குக் கப்பலேறியவர்கள், திருவனந்தபுரத்தில் தங்கிப் படித்த பிள்ளைகள், காசி ராமேஸ்வரம் போனவர்கள் எல்லோருக்கும் அது தேவை. மூன்றாம் வகுப்பில் படுக்கை கிடையாது, ஆகவே ஹோல்டால். வழித் தண்ணீரை நம்ப முடியாது, ஆகவே திருகுமூடி போட்ட கூஜா. பெட்டிக்குப் பூட்டு ஏன் அவ்வளவு பெரிதாகப் படத்தில் இருக்கிறது என்று யோசித்தால் பயணத்தின் பயம் புரியும். மருந்தும் பயணமும் சேரும் இடமும் இதுதான். ‘தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போனால்’ என்ற பயத்தை நம்பியே பயண மருந்துகள் விற்றன. பரோஸ் வெல்கம் கம்பெனி 1884ல் ‘டாப்ளாய்ட்’ என்ற பெயரைப் பதிவு செய்து, மாத்திரைகளைக் கையடக்கப் பெட்டியில் அடுக்கிப் பயணிகளுக்கு விற்றது.

மருந்து விளம்பரத்தில் ‘பேடண்ட்’, ‘ரிஜிஸ்டர்டு’ என்ற சொற்களைக் கண்டு ‘அரசாங்கம் சோதித்து ஒப்புக்கொண்ட மருந்து’ என்று எழுதாதீர்கள். பதிவானது பெயரும் லேபிளும்தான். உள்ளே இருந்த சரக்கை யாரும் சோதிக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் வணிகச் சின்னச் சட்டமே 1940ல்தான் வந்தது, மருந்துச் சட்டமும் அதே ஆண்டில். நற்சாட்சிப் பத்திரங்களும் அப்படியே. தாசில்தார், வக்கீல், ஜமீன்தார் பெயரில் கடிதம் இருந்தால், அவர் அந்தஸ்து விற்பனைக்கு உதவியது என்பது உறுதி. நோய் குணமானதற்கு அது சாட்சி ஆகாது.

பத்திரிகை வேறு, மருந்து வியாபாரம் வேறு என்று நினைப்பதை நான் இன்னும் பெரிய தவறாகச் சொல்வேன். ஆந்திரத்தைப் பாருங்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். தைலத்தில் வந்த பணம்தான் 1908ல் ஆந்திர பத்திரிகா என்ற வார இதழாகி, 1914ல் சென்னையில் நாளிதழாக வளர்ந்தது. லோத்ரா மருந்து விற்ற கே.என். கேசரி ‘கிருஹலட்சுமி’ என்ற தெலுங்குப் பெண்கள் இதழை நடத்தினார். கேரளத்தில் பி.எஸ். வாரியர் 1902ல் கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே தன்வந்தரி என்ற இதழையும் தொடங்கினார். தமிழில் விளம்பர ஏஜெண்டாக இருந்த எஸ்.எஸ். வாசன் 1928ல் ஆனந்த விகடனை வாங்கினார். மருந்து விளம்பரம் இல்லாமல் தென்னிந்தியப் பத்திரிகைகள் பலவும் கால் ஊன்றியிருக்காது. அதனால் ஒரு மருந்து பக்கம் பக்கமாக வருவதைப் பார்த்து ‘ஊரே இதைத்தான் சாப்பிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். தெற்குத் திருவிதாங்கூரில் சாதாரண ஜனங்கள் முதலில் போனது ஆசான் என்ற நாட்டு வைத்தியர் வீட்டுக்கு. பிறகு 1838ல் தொடங்கிய நெய்யூர் மிஷன் வைத்தியத்துக்கு. ஆசான் விளம்பரம் கொடுக்கவில்லை. தாளில் இல்லாதது ஊரில் இல்லாதது அல்ல.

‘அந்தக் காலத்து ஜனங்கள் ஏமாளிகள்’ என்ற சிரிப்பைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. பென்சிலின் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்தது 1940களில். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததும் அந்தப் பத்தாண்டில்தான். அதற்கு முன்பு க்ஷயம் வந்த வீட்டில் வேறு எதை நம்புவது? சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் ஊரெல்லாம் பரவிக் கிடந்தபோது, தைல விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொண்டவரை எப்படிக் குறை சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது: வெட்கம். மேகவெட்டை, வெள்ளை, மாதவிலக்குத் தடை, நரம்புத் தளர்ச்சி, இவற்றையெல்லாம் தெருவில் எல்லோரும் தெரிந்த வைத்தியரிடம் போய்ச் சொல்ல முடியாது. வி.பி.பி.யில் பொட்டலம் வரும், பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஜாம்நகரிலிருந்து வந்த ஆதங்க நிக்ரஹ மாத்திரை இந்த மூலையிலிருந்த பத்திரிகை வரை எட்டியதற்கு இந்த வெட்கம்தான் பாதை போட்டது. திருவிதாங்கூருக்கு 1951 வரை ‘அஞ்சல்’ என்று சொந்தத் தபால் இருந்தது, கூடவே பிரிட்டிஷ் தபாலாபீசும் இருந்தது. எந்தத் தபாலில் அனுப்புவதாகச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், விற்றவர் உள்ளூரா வெளியூரா என்பதற்கே துப்புக் கிடைக்கும்.

இந்த நோய்ப் பெயர்களுக்கு இன்றைய நோய்ப் பெயரை நேருக்கு நேர் பொருத்தவும் வேண்டாம். மேகம் என்பதற்குள் தோல் நோயும் உண்டு, சிறுநீர்க் கோளாறும் உண்டு, பால்வினை நோயும் உண்டு.

தயவுசெய்து, அந்த மருந்தைச் செய்து பார்க்காதீர்கள். ‘பாட்டன் காலத்து ரகசியம்’ என்று ஒரு விளம்பரப் படத்தை இன்று பரப்புகிறவருக்கு அதனுள் என்ன இருந்தது என்று தெரியாது. வயிற்றுப்போக்குக்கும் காலராவுக்கும் பேர் பெற்றிருந்த குளோரோடைனில் அபினும் கஞ்சாவும் குளோரோஃபாரமும் இருந்தன. குழந்தை அழுகையை நிறுத்த அமெரிக்காவில் விற்ற விண்ஸ்லோ சிரப்பில் இருந்தது மார்ஃபின். பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த நாட்டு மருந்துகளில் பக்குவம் தப்பினால் சிறுநீரகம் போகும். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909ல் இந்த ரகசிய மருந்துகளைச் சோதித்து வெளியிட்டபோது, பேர்பெற்ற பீச்சம் மாத்திரையில் இருந்தது கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு என்று தெரிந்தது. நம் நாட்டில் 1954ல் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் வந்தது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். பழைய தாளைப் படம் பிடித்துக் காட்டி மருந்து விற்கிறவரும் அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, தாள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்து எடுக்க வேண்டாம். பத்திரிகைப் பெயரும் தேதியும் பக்கத்தின் தலையில் இருக்கும், வெட்டியதும் அவை போய்விடும். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வழி இல்லை. முழுப் பக்கத்தையும் படம் எடுத்து, பத்திரிகைப் பெயர், கொல்லம் தேதி, ஆங்கிலத் தேதி, பக்க எண் நான்கையும் எழுதிய பிறகே பகிருங்கள். நூலகங்களில் பழைய மாத இதழ்களை பைண்ட் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஆகவே அட்டையோடு ஒரு தனி இதழ் உங்கள் வீட்டில் கிடைத்தால் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ திருவனந்தபுரத்தில் மாநில மத்திய நூலகத்துக்கோ ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள்.