யாழ் ஒலிக்கும் ஓவியங்களில் நாம் கோட்டைவிடுவது

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசானின் நிலக்காட்சி ஒன்று இருக்கிறது. 1650 வாக்கில் வரைந்தது. இரண்டு மீட்டர் அகலம். நடுவே ஆறு, அக்கரையில் கோட்டை. வலப்புறம் கிரேக்கப் புராணத்து இசைக்கலைஞன் ஓர்ஃபியூஸ் யாழ் மீட்ட, இரண்டு பெண்கள் சொக்கிப்போய்க் கேட்கிறார்கள். ‘ஆகா, என்ன அமைதி’ என்று நகர்ந்துவிடுவோம். முதல் தவறு அதுதான். நானும் செய்திருக்கிறேன்.

யாழை விட்டு நாலு விரல் தள்ளிப் பாருங்கள். ஓர்ஃபியூஸின் புது மனைவி யூரிடிசி பதறுகிறாள், பக்கத்தில் பாம்பு. அந்தக் கடியில்தான் அவள் சாகப்போகிறாள். தூண்டில் போடுகிறவன் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறான். கணவன் காதில் எதுவும் விழவில்லை, அவன் வாசிப்பில் இருக்கிறான். தூரத்துக் கோட்டையிலிருந்து புகை வேறு கிளம்புகிறது. பரோக் எனப்படும் அந்த 17ஆம் நூற்றாண்டுப் பாணி ஓவியத்தில் இசை வந்தாலே மகிழ்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று தேட வேண்டும்.

அதே காலத்து நிலக்காட்சி ஓவியர் குளோத் லொரேன் விஷயத்தில் வேறொரு வழுக்கல். நிலக்காட்சிக்குத்தான் காசு, அதிலுள்ள ஆட்கள் இலவசம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வாராம். அதை நம்பி ஆட்களைத் தாண்டிப் போனால் கதையே போய்விடும். ரோமின் டோரியா பாம்ஃபிலி காட்சியகத்தில் உள்ள அவரது படத்தில், மன்னன் அட்மீட்டஸின் மாடுகளைக் காக்க வேண்டிய இசைக் கடவுள் அப்பல்லோ வாசிப்பில் லயித்திருக்கிறான். தூதுக் கடவுள் மெர்க்குரி அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான்!

அப்பல்லோவின் கையில் இருப்பது வயலின். ‘கிரேக்கக் கடவுளுக்கு வயலினா, ஓவியருக்குத் தெரியாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். அதற்கு நூறு ஆண்டுக்கும் முன்பே இத்தாலிய ஓவியர் ரஃபேல், வத்திக்கான் சுவரில் அப்பல்லோவிடம் தன் காலத்து வில்வாத்தியத்தைக் கொடுத்துவிட்டார்.

குழல் ஊதுகிறவன் எல்லாம் கிரேக்கரின் மேய்ப்பர் தெய்வமான பான் தேவனும் அல்ல. பூசானின் 1649 ஓவியத்தில், மலையுச்சியில் பாறையோடு பாறையாக, நமக்கு முதுகைக் காட்டி ஒருவன் ஊதுகிறான். அவசரமாகப் பார்த்தால் மலை என்றே நினைப்போம். ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் அவன். தன்னை ஏறெடுத்தும் பார்க்காத கடல் தேவதை கலாட்டியாவுக்காக ஊதுகிறான். கீழே வயலில் உழுகிறவன் உழுதுகொண்டே இருக்கிறான்.