வெளிநாட்டுக் கல்லூரி அனுமதி: ‘ஆறரை எடுத்தால் போதும்’ என்று நம்புவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் வெளிநாட்டுக் கல்விக்கு ஆலோசனை கூறும் நிலையங்களுக்குக் குறைவில்லை. உயர்தரப் பெறுபேற்றுடன் அங்கே போய் அமரும் மாணவருக்கும் உடன் வந்த பெற்றோருக்கும் சொல்லப்படும் முதல் வாக்கியம், ஆங்கிலத் திறன் பரீட்சை ஒன்றின் பெயரைச் சொல்லி, பெரும்பாலும் “ஐ.இ.எல்.டி.எஸ். ஆறரை எடுத்தால் போதும்” என்பதாகவே இருக்கும். அது பொய்யன்று, ஆனால் பாதிச் செய்தி. மீதிப் பாதியை அறியாமல் பரீட்சைக்குப் பணம் கட்டியவர்களுக்குத்தான் இரண்டாம் முறையும் பணம் கட்ட நேர்கிறது. தமிழ் மொழிமூலத்தில் படித்து, கொழும்பிலிருந்து முதன்முறையாக விண்ணப்பிக்கும் ஒருவரை மனத்தில் வைத்து அந்த மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத் தகைமையைக் கேட்பவர் ஒருவரல்லர் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பல்கலைக்கழகம் பொதுவான ஒரு குறைந்தபட்சப் புள்ளியை வைத்திருக்கும். அதற்குள் இருக்கும் பீடமோ பாடநெறியோ அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். விசா வழங்கும் நாடு தனக்கென்று வேறொரு நிபந்தனை விதிக்கலாம். பொறியியலுக்கு 6.5 கேட்கும் அதே பல்கலைக்கழகம் சட்டத்துக்கும் தாதியியலுக்கும் 7.0 கேட்பது சாதாரணமாக நடப்பதுதான். ஆகவே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளாமல், நீங்கள் படிக்க விரும்பும் பாடநெறியின் பக்கத்தையே திறந்து, அது நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்குரியதுதானா என்று பார்த்து, மொத்தப் புள்ளி, ஒவ்வொரு திறனுக்குமான குறைந்தபட்சப் புள்ளி, ஏற்கப்படும் பரீட்சைகள், புள்ளி போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பரீட்சைக்குப் பதிவு செய்வது இந்த வேலை முடிந்த பின்னர்தான்.

அந்த நான்கில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இரண்டாவது. ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகியவற்றுக்கு 0 முதல் 9 வரை தனித்தனியே புள்ளி இடப்படும். நான்கின் சராசரி அருகிலுள்ள அரைப் புள்ளிக்குக் கொண்டுவரப்படும். சராசரி .25 இல் முடிந்தால் அரைக்கும், .75 இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் ஏற்றப்படும். கேட்டலில் 7.0, வாசித்தலில் 6.5, எழுத்தில் 5.5, பேச்சில் 6.0 பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 25, சராசரி 6.25; சான்றிதழில் பதியப்படுவது 6.5. வீட்டில் இனிப்பு வாங்கி அயலுக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் “எந்தத் திறனிலும் 6.0 இற்குக் குறையலாகாது” என்ற வரி கண்ணில் படும். கணினி வழியாக எழுதியவர்கள், அந்த வசதி வழங்கப்படும் நிலையங்களில், 60 நாட்களுக்குள் ஒரு திறனை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது உண்மையே. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படிப் பெற்ற புள்ளியை ஏற்பதில்லை. எழுதி முடித்த பின் அல்ல, பதிவு செய்யும் முன்னரே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துத்தான் நம் மாணவரின் பலவீனமான இடம் என்பது என் கணிப்பு. அதற்கு ஆங்கில அறிவு போதாமை ஒன்றே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாடசாலையில் நாம் பழகிய தமிழ்க் கட்டுரை, ஒரு குறளையோ பழமொழியையோ முன்னிறுத்தி, விடயத்தைச் சுற்றி வந்து, கடைசியில் நம் கருத்தைச் சொல்வது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தாளின் இரண்டாம் பகுதியோ, குறைந்தது 250 சொற்களில், கேட்ட கேள்விக்கு உங்கள் நிலைப்பாடு என்ன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, ஒவ்வொரு பந்தியிலும் ஒரு காரணத்தை உதாரணத்துடன் நிறுவச் சொல்கிறது. முதற் பகுதி 150 சொற்கள். கல்விசார் பிரிவில் ஒரு வரைபையோ அட்டவணையையோ விவரிக்க வேண்டும், அதில் சொந்தக் கருத்துக்கு இடமே இல்லை. மொத்தம் 60 நிமிடங்கள். இரண்டாம் பகுதிக்கு முதற் பகுதியைப்போல இருமடங்கு மதிப்பு என்பதால், 40 நிமிடங்களை அதற்கு ஒதுக்குவது முறை. தமிழில் இல்லாத ‘ஏ’, ‘தி’ என்ற சுட்டுச் சொற்களும், பந்தி நடுவே மாறிவிடும் வினைச்சொல்லின் காலமும் நம்மவர் பலரை விடாமல் துரத்துகின்றன. வாரத்துக்கு இரண்டு கட்டுரைகள் எழுதி, ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் திருத்தம் பெற்று, திருத்திய கட்டுரையையே மறுபடியும் எழுதிப் பாருங்கள். புதிய மாதிரித் தாள்களை அடுக்கடுக்காகச் செய்வதைவிட இது பலன் தரும்.

பதிவின்போது கல்விசார் பிரிவையே தெரிவு செய்ய வேண்டும். பொதுப் பயிற்சிப் பிரிவு பெரும்பாலும் குடியேற்றத்துக்கும் தொழிலுக்குமானது. பிரித்தானியா செல்வோருக்கு, விசாவுக்கென ‘யு.கே.வி.ஐ.’ எனப்படும் இன்னொரு பிரிவும் உண்டு. பட்டப்படிப்புக்கு நேரடியாகச் சேர்பவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட அங்கே இடமுண்டு. ஆனால் பட்டத்துக்கு முந்திய அடிப்படைப் பாடநெறியில் சேர்பவர் பிரித்தானிய விசாவுக்கென அங்கீகரிக்கப்பட்ட தேர்வையே எழுத வேண்டும். வினாத்தாள் ஒரே தன்மையானதாக இருந்தாலும், சாதாரண ஐ.இ.எல்.டி.எஸ். சான்றிதழ் அவ்விடத்தில் செல்லாது.

ஐ.இ.எல்.டி.எஸ். தவிர வேறு வழியே இல்லை என்ற எண்ணமும் கொழும்பில் வேரூன்றியிருக்கிறது. பி.டி.இ., டோஃபல், டுவோலிங்கோ என வேறு ஆங்கிலத் தேர்வுகளும் உண்டு. பி.டி.இ. முழுவதும் கணினியில் நடப்பது, புள்ளி 10 முதல் 90 வரை. டோஃபல் நீண்ட காலம் 120 புள்ளிகளுக்கு மதிப்பிடப்பட்டது. 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரையான அளவுகோலுக்கு மாறியிருப்பதால், பழைய எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கும் பல்கலைக்கழகப் பக்கங்களைக் கவனமாக வாசிக்க வேண்டும். டுவோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம், செலவும் குறைவு, அமெரிக்கக் கல்லூரிகள் பல அதை ஏற்கின்றன. ஆனால் அவுஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு வீட்டிலிருந்து எழுதிய எந்தத் தேர்வும் ஏற்கப்படாது. இரண்டு நாடுகளுக்கு விண்ணப்பிக்க எண்ணுபவர், இரண்டுக்கும் பொருந்தும் ஒரு பரீட்சையைத் தேடிக்கொண்டால் ஒரு கட்டணம் மிஞ்சும். இவை எல்லாவற்றின் புள்ளியும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், உயர்தரப் பரீட்சைக்கு வெகு முன்னரே எழுதி வைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனமன்று.

ஆங்கில மொழிமூலத்தில் படித்தவருக்குச் சில கல்லூரிகள், சிறப்பாக அமெரிக்காவில், விலக்கு அளிக்கின்றன. அதற்கு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தெந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டன என்று அதிபர் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். உள்நாட்டுச் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குப் பெற்ற ‘ஏ’ சித்தி எங்கும் போதுமானது என்று எண்ணிவிடக் கூடாது; கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே சிறியதொரு பொறியும் உண்டு. நமக்குக் ‘கல்லூரி’ என்பது பாடசாலை. இந்துக் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் பதின்மூன்றாம் தரத்துடன் முடிந்துவிடுகின்றன. அமெரிக்க அனுமதி அலுவலருக்கோ அது பட்டம் வழங்கும் நிறுவனம். ஏற்கெனவே பட்டப்படிப்புத் தொடங்கியவர் என்று உங்களை அவர் எண்ணிவிடாதிருக்க, விண்ணப்பத்திலும் அதிபரின் கடிதத்திலும் இது இடைநிலைப் பாடசாலை என்பதைத் தெளிவாக எழுதச் செய்யுங்கள். இசட் புள்ளியைப் பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள். அது உள்நாட்டு அனுமதிக்கானது.

பெயர் விடயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் தந்தையின் பெயரும் தனித்தனியே இருக்கும். பாடசாலைச் சான்றிதழில் தந்தையின் பெயர் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். கடவுச்சீட்டில் அது முழுமையாக விரிந்திருக்கும். என் சொந்த ஆவணங்கள் மூன்றில் என் தந்தையின் பெயர் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டப்பட்டிருந்ததை, பதிவுப் படிவத்தை நிரப்பும் இரவில்தான் கவனித்தேன். ஆகவே முதலில் கடவுச்சீட்டைப் பெற்று, அதில் உள்ளபடியே ஓரெழுத்தும் மாறாமல் பரீட்சைக்கும் விண்ணப்பத்துக்கும் பெயர் கொடுங்கள். பிற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால், எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவருக்கு, அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்ற எழுத்துகள் வரும். ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கம் அது.

பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல், கேட்கப்பட்டால் மட்டும்.

காலக் கணக்குத்தான் அடுத்த சிக்கல். அமெரிக்கக் கல்லூரிகளில் பலவற்றுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் முதல் வாரத்திலும், வழமையான விண்ணப்பம் ஜனவரி முதல் வாரத்திலும் முடிகின்றன. பல கல்லூரிகளுக்கு ஒன்றாக விண்ணப்பிக்க உதவும் ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத் தளத்தில் 650 சொற்களுக்கு மேற்படாத ஒரு கட்டுரையும் கேட்கப்படும். பிரித்தானியாவில் யூகாஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக ஐந்து தெரிவுகள் வரை இடலாம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15, ஏனையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. நம் உயர்தரமோ இந்த நாட்காட்டியை மதிப்பதில்லை: 2024 ஆம் ஆண்டுப் பரீட்சை அவ்வாண்டு நவம்பர் இறுதியில் தொடங்கி, பெறுபேறுகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. எனவே பெறுபேறு இல்லாமலே விண்ணப்பித்து நிபந்தனையுடனான அனுமதியை எதிர்பார்ப்பதா, ஓராண்டு பொறுத்துப் பெறுபேற்றுடன் விண்ணப்பிப்பதா என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். முதல் வழியில், உங்களிடம் எதிர்பார்க்கப்படும் சித்திகளை ஆசிரியர் எழுதித் தர வேண்டியிருக்கும். நம் பாடசாலைகள் பலவற்றுக்கு அது பழக்கமில்லாத வேலை என்பதால், ஒரு தவணைக்கு முன்பே அதிபரிடம் பேசிவிடுங்கள். ஆங்கிலப் பரீட்சையை இறுதி நாளுக்கு மூன்று மாதங்கள் முன்பாக எழுதினால், தவறினாலும் ஒருமுறை திரும்ப எழுத இடமிருக்கும்.

முகவரிடம் போவது தவறன்று. ஆனால் அவர்களில் பலருக்கு ஊதியம் தருவது பல்கலைக்கழகமே என்பதால், அவர்கள் நீட்டும் பட்டியல் முழுப் பட்டியலாக இராது. அமெரிக்காவைப் பொறுத்தவரை, கொழும்பிலுள்ள ஐக்கிய அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் இலவசமாகவே ஆலோசனை பெறலாம். மாணவர் பலர் அவ்விடத்தைக் கடந்து போய்க் கட்டணம் செலுத்துவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அனுமதி கிடைத்த பின் நாட்டுக்கு நாடு வழி பிரிகிறது. பிரித்தானியாவுக்கு, தேவையான பணம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததைக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு, கல்லூரி உங்கள் அனுமதியை உறுதிசெய்யும் ஐ-20 படிவத்தை அனுப்பிய பின், வெளிநாட்டு மாணவரைப் பதியும் அரச முறையான செவிஸுக்கு 350 டொலர் கட்டணம் செலுத்தி, விசா விண்ணப்பத்தை நிரப்பி, தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் குறிக்க வேண்டும். நேர்முகம் சில நிமிடங்களே நீடிக்கும். ஏன் இந்தக் கல்லூரி, ஏன் இந்தப் பாடநெறி, செலவை யார் ஏற்கிறார் என்பவற்றுக்கு மனப்பாடம் செய்த பதிலாக இல்லாமல் உங்கள் சொந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, ஐ-20, செவிஸ் பற்றுச்சீட்டு, பெறுபேற்றுச் சான்றிதழ்கள், ஆங்கிலப் புள்ளிச் சான்றிதழ், வங்கி ஆவணங்கள் ஆகியவற்றை அதே வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி, பெயர் வேறுபாட்டுக்கான சத்தியக்கடதாசியைக் கடைசியில் வையுங்கள்.