மழைக்காலத் தக்காளி: குமரி மாவட்டத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்லை நம்பி, ஆடி பிறந்ததும் தக்காளி விதை போடுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக்கு அது பொருந்தும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இடவப்பாதி மழையின் (தென்மேற்குப் பருவமழை) மிச்சம் ஆடியிலும் விட்டுவிட்டுப் பெய்யும். அதில் தப்பிய செடி காய் பிடித்துப் பழுக்கிற நேரத்தில் ஐப்பசி மழை வந்துவிடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு என்பதால் அங்கே ஓரளவு தப்பிக்கலாம்.

நல்ல பழம்தான் குறி என்றால், ஐப்பசிக் கடைசியில் கூரைக்குக் கீழே விதைத்து, 25 முதல் 30 நாள் நாற்றை மழை குறையும்போது நடுவதுதான் வழி. மார்கழிக் கடைசி, தை இரவுகளின் குளிர்ச்சியில் பூ உதிராமல் காய் பிடிக்கும். மாசியில் பழம் பறிக்கலாம். இல்லை, மழையிலேயே வளர்த்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்குத்தான் இனி சொல்வதெல்லாம்.

முதல் தவறு, படத்தைப் பார்த்து விதை வாங்குவது. கறுப்புத் தக்காளி, அரைக்கிலோ எடையுள்ள தக்காளி என்று ஆன்லைனில் விற்கிற விதைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, வறண்ட கோடைக்குப் பழகியவை. நம் செம்மண் புளிப்புத்தன்மை கொண்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த அந்த மண்ணில் பாக்டீரியா வாடல் நோய் எளிதாகத் தங்கிவிடும். தக்காளிக்கு நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய எதிரி இல்லை என்பது என் முடிவு. முதல் வருடம் தக்கலைப் பக்கத்தில் நான் நட்ட செடிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. இலை பச்சையாகவே இருக்கும். உச்சிவெயிலில் துவளும், மாலையில் நிமிரும், நாலைந்து நாளில் மொத்தமாகச் சாய்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினேன். நோய் பக்கத்துச் செடிகளுக்குப் பரவ அந்தத் தண்ணீரே வழியாகிவிட்டது.

சந்தேகம் வந்தால் தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நுனி மட்டும் படுமாறு பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போல வெண்மையாக நூல் நூலாக இறங்கினால் அது வாடல் நோய்தான். அந்தச் செடிக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அதே இடத்தில் அடுத்து கத்தரி, மிளகாய் நடுவதும் தவறு. அவையும் அதே நோய்க்கு இரையாகும். இஞ்சியும் அப்படியே.

அப்படியானால் எதை நடுவது? கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா ஆகியவை வாடலைத் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த ரகங்கள். அங்கே உள்ள மண்ணும் மழையும் நம்முடையதைப் போன்றவைதான். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக், வாடல், இலைச்சுருட்டு வைரஸ், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்குகிற வீரிய ஒட்டு (ஹைப்ரிட்). பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 புளிப்பில் எனக்குப் பிடித்த ரகம். ஆனால் வாடல் வந்துபோன மண்ணில் அதை நேரடியாக நட நான் சொல்லமாட்டேன். புது மண் நிரப்பிய பையில் வளர்க்கலாம், அல்லது சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக் கட்டலாம். சுண்டை இந்த நோயை நன்றாகத் தாங்கும். ஒட்டுக் கட்டிய செடியை நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் மேல்செடியே வேர்விட்டு, பட்ட பாடு வீணாகும்.

மண்ணின் புளிப்பைக் குறைக்கக் கும்மாயமோ (நீற்றிய சுண்ணாம்பு) டோலமைட்டோ (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) போடுகிறவர்கள், சாணத்தையும் யூரியாவையும் அதே நாளில் கலக்கிறார்கள். தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சுண்ணாம்பை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பழத்தின் அடி கறுப்பது குறையவும் அது உதவும். அப்புறம், மழையில் இலை வெளுத்ததும் யூரியாவை அள்ளி வீசுவது. செடி தளதளவென்று வளரும். அந்த மெல்லிய இலையைத்தான் கருகல் முதலில் பிடிக்கும், பழமும் சப்பென்று இருக்கும்.

பாத்தி ஓரடி உயரமாவது இருக்க வேண்டும். மண்ணைத் திறந்து போடாதீர்கள். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போதுதான் கருகல் நோயின் வித்துகள் அடியிலைக்கு ஏறுகின்றன. காய்ந்த தென்னை ஓலையோ ரப்பர் சருகோ பரப்பி, அடியிலிருந்து ஓரடி வரை இலைகளைக் கிள்ளிவிடுங்கள். செடி ஈரமாக இருக்கும்போது கிள்ளாதீர்கள், கை வழியே நோய் பரவும். ஊன்றுகோலுக்குப் பச்சை மரச்சீனிக் (மரவள்ளி) கம்பை நட்டால் மழையில் அது துளிர்த்துத் தக்காளியோடு உரத்துக்குப் போட்டியிடும். மூங்கிலோ கமுகு மரத்தைப் பிளந்த கம்போ போதும். மேலே பிளாஸ்டிக் தாள் போடுகிறவர்கள் பக்கங்களையும் மூடிவிடுகிறார்கள். உள்ளே புழுங்கி, மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. பக்கங்களைத் திறந்து விட்டு, காலையில் வெயில் ஏறியதும் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள்.

இனி சுவை. ஒரு ரகத்தைச் சாப்பிட்டுவிட்டு 'இது தண்ணிக்காய்' என்று ஒதுக்குவதற்கு முன், அது எப்போது பறித்த பழம் என்று கேட்க வேண்டும். நாலு நாள் மூடாப்பும் மழையும் என்றால் இலையில் சர்க்கரை சேராது. வேர் உறிஞ்சிய நீர் பழத்தை ஊதவைக்கும். எந்த ரகமும் அன்று சப்பென்றுதான் இருக்கும். தோல் வெடிப்பதும் அதனால்தான். வெயில் அடித்து இரண்டு மூன்று நாள் கழித்துப் பறித்ததோடுதான் ஒப்பிட வேண்டும்.

கனமழை வரப்போகிறது என்று தெரிந்தால் செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கியதுமே பறித்து, காற்றோட்டமான தட்டில் பரப்பி வையுங்கள். பழம் தானாகச் சிவக்கும், சுவையும் பெரிதாகக் குறையாது. வெயில் பட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும். மணம் போன பழத்தில் புளிப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும்.

ருசி பார்ப்பதற்கு நாங்கள் செய்வது இதுதான்: ஒரே அளவு பழுத்த பழங்கள், ரகத்துக்குக் குறைந்தது மூன்று. முதலில் உப்பில்லாமல், பிறகு ஒரு கல் உப்பு வைத்து, கடைசியில் ரசத்தில். பச்சையாகத் தின்னும்போது தோற்றுப்போன பி.கே.எம். 1 ரசத்தில் எல்லாவற்றையும் மிஞ்சியது. அர்க்கா ரக்ஷக்கின் கெட்டிச் சதை தொக்குக்கு நன்றாக இருந்தது, ரசத்தில் எடுபடவில்லை. செர்ரித் தக்காளி மழையிலும் ஓரளவு இனித்தது. ஆனால் வெடிப்பதில் அதுதான் முதல். எனவே ஒரு ரகத்தைப் பச்சையாகத் தின்று மட்டும் தள்ளிவிட வேண்டாம்.

பிடித்த ரகத்தின் விதையை எடுக்க நினைத்தால், வீரிய ஒட்டை விட்டுவிடுங்கள். அதன் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. மற்ற ரகங்களில் நோயற்ற செடியின் பழத்தைப் பிழிந்து, இரண்டு நாள் நொதிக்கவிட்டு, கழுவி, அடுக்களையில் அடுப்பின் சூடு லேசாக எட்டும் இடத்தில் தட்டில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். விரலால் வளைத்தால் வளையாமல் உடைகிற வரை காய வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும்.