மெயின்ஃபிரேமில் என்எஃப்எஸ் சர்வர்: சத்தம் போடாத தவறுகள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில், அதன் கோப்புகளை லினக்ஸ் போன்ற மற்ற மெஷின்களுக்கு நெட்வொர்க் வழியாகக் காட்டும் என்எஃப்எஸ் சர்வரை முதல்முறை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது, கன்சோலில் ‘ஸ்டார்ட் எம்விஎஸ்என்எஃப்எஸ்’ என்று அடிக்கிற அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். அந்த நிமிடத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அங்கே தப்பு இருந்தால் சர்வர் ஏறாது. கன்சோலில் ஜிஎஃப்எஸ்ஏ என்று தொடங்கும் செய்தி வரும், தேடிப் பிடித்துச் சரிசெய்துவிடலாம். சர்வர் ஒழுங்காக ஏறி, மூன்று வாரம் நன்றாக ஓடி, அதற்கப்புறம் தலைகாட்டுகிற தவறுகள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே முதல் வகையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சர்வர் ஏறவில்லை என்றால் பார்க்க வேண்டியவை சிலதான். முதலில் ஓஎம்விஎஸ் (இசட்/ஓஎஸ்ஸின் யூனிக்ஸ் பகுதி), பிறகு டிசிபி/ஐபி, பிறகு ஆர்பிசிபைண்ட் (எந்தச் சேவை எந்த போர்ட்டில் என்று சொல்வது), கடைசியில்தான் என்எஃப்எஸ்; இந்த வரிசை மாறக் கூடாது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்போ ஐபிவி6-ஓ வேண்டுமென்றால் பழைய போர்ட்மேப் போதாது, ஆர்பிசிபைண்ட்தான் வேண்டும். சர்வரின் புரோகிராம்கள் இருக்கும் லோட் லைப்ரரிக்கு ஏபிஎஃப் என்ற சிறப்பு அனுமதி இருக்க வேண்டும். சர்வர் ஓடுகிற யூசர் ஐடிக்கு, பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப்பில் ஓஎம்விஎஸ் செக்மென்ட் இருக்க வேண்டும். டிசிபி/ஐபி புரொஃபைலில் 2049-ஆம் போர்ட்டை இந்த சர்வரின் பெயரில் ஒதுக்கி வையுங்கள். சர்வரின் அமைப்புகளை வைத்திருக்கும் அட்ரிப்யூட்ஸ் டேட்டாசெட்டை (டேட்டாசெட் என்பது மெயின்ஃபிரேம் கோப்பு) ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் திருத்தும்போது ‘நம்பர் ஆஃப்’ போட மறக்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் 73 முதல் 80 வரையுள்ள நெடுவரிசைகளில் உட்காரும் வரிசை எண்கள் பல புதியவர்களை அலைக்கழித்திருக்கின்றன.

இன்னொரு குழப்பம். எம்விஎஸ்என்எஃப்எஸ் என்பது சர்வர், எம்விஎஸ்என்எஃப்எஸ்சி என்பது கிளையன்ட். அதை ஓஎம்விஎஸ்தான் ஏற்றும். ‘ஸ்டார்ட்’ அடித்து ஏறவில்லையே என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தவரை எனக்குத் தெரியும்.

இனி சத்தம் போடாதவை.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். திங்கள் காலை லினக்ஸ் பக்கத்தில் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ (கோப்பின் அடையாளம் செல்லாது) என்று வருகிறது. நெட்வொர்க் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள், அவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கிறது. அட்ரிப்யூட்ஸில் ‘ரெஸ்டைம்அவுட்’ என்று ஒன்று உண்டு. அதன் இயல்பு மதிப்பு 48, 0. அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடாத மௌண்ட்டை (கிளையன்ட் சர்வரோடு வைத்திருக்கும் இணைப்பை) நள்ளிரவு 0 மணிக்கு சர்வர் துடைத்துவிடும். ஞாயிறு மாலை ஆறு மணியோடு 48 மணி நேரம் முடிந்துவிட்டது. அன்று நள்ளிரவே மௌண்ட் போய்விட்டது. நீண்ட விடுமுறைகளைக் கணக்கில் வைத்து இந்த எண்ணை உயர்த்துங்கள். 720 மணி வரை போகலாம். 0 என்று போட்டால் துடைப்பதே இல்லை. மௌண்ட்டுகளின் அடையாளங்களான ஹேண்டில்களைச் சேமிக்கும் இரண்டு விஎஸ்ஏஎம் வகை டேட்டாசெட்டுகளைச் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அழித்து உருவாக்கினாலும் இதே கதைதான்.

என்னைக் கேட்டால், மிக மோசமான தவறு டெக்ஸ்ட், பைனரி விஷயத்தில் இருக்கிறது. மௌண்ட் செய்யும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் சர்வர் பைனரி என்று எடுத்துக்கொள்ளும்: பைட்டுகளை மாற்றாமல் அப்படியே தரும். டெக்ஸ்ட் என்றால் மெயின்ஃபிரேமின் எப்சிடிக் எழுத்துக் குறியீட்டை ஆஸ்கிக்கு மாற்றித் தரும். அதனால் பைனரி மௌண்ட்டில் ஒரு ஜேசிஎல் மெம்பரை (ஜாப் கட்டளைகள் உள்ள கோப்பை) லினக்ஸில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கண்ணில் பட்டதும் புரிந்துவிடும், ஆபத்தில்லை. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. கோபால் (COBOL) மொழிப் புரோகிராமின் ஒரு ரெக்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் வாடிக்கையாளர் பெயர், பின்னால் காம்ப்-3 வடிவில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல்/கழித்தல் குறி) தொகை. அந்த டேட்டாசெட்டை டெக்ஸ்ட் மௌண்ட்டில் லினக்ஸுக்கு காப்பி செய்கிறார்கள். பெயர் அழகாக ஆஸ்கியில் வந்து நிற்கிறது. எல்லாம் சரி என்று தோன்றுகிறது.

தொகை 12345 என்று வைத்துக்கொள்வோம். காம்ப்-3இல் அது, பதினாறடி எண்ணில் எழுதினால், 12 34 5சி என்ற மூன்று பைட். 1047 என்ற எப்சிடிக் குறியீட்டிலிருந்து, ஆஸ்கியின் விரிவான ஐஎஸ்ஓ 8859-1க்கு மாற்றும் அட்டவணையில் 12 அப்படியே 12. 34 என்பது 94 ஆகிறது. 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி, ஆகவே 2ஏ ஆகிறது. இப்போது இருப்பது 12 94 2ஏ. காம்ப்-3இல் கடைசி அரை பைட் ‘ஏ’ என்றாலும் கூட்டல் குறிதான். லினக்ஸில் அதைப் படிக்கும் புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாமல் 12942 என்று எடுத்துக்கொள்ளும். 597 ரூபாய் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. எண் புலமோ, படமோ, ஜிப்போ உள்ள எந்த டேட்டாசெட்டையும் டெக்ஸ்ட் மௌண்ட்டில் தொடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி மௌண்ட் வையுங்கள், டைரக்டரி பெயரிலேயே எது எது என்று தெரியட்டும்.

அடுத்தது, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. இரவு இரண்டு மணி. ஒரு பேட்ச் ஜாப் ‘வெயிட்டிங் ஃபார் டேட்டாசெட்ஸ்’ என்று நிற்கிறது. எதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ‘டி ஜிஆர்எஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால், அந்த டேட்டாசெட்டைப் பிடித்துவைத்திருப்பது எம்விஎஸ்என்எஃப்எஸ். லினக்ஸ் பக்கம் ஒருவரும் இல்லை. படித்து முடித்த டேட்டாசெட்டை சர்வர் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கும்; இயல்பாக அது 90 நொடிதான். யாரோ வேகத்துக்காக அந்த வரம்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஜாப் கேட்டது ‘டிஸ்ப் ஓல்ட்’, அதாவது டேட்டாசெட் தனக்கு மட்டுமே வேண்டும் என்று; ஆகவே மணிக்கணக்கில் நின்றது. ஆபரேட்டர் சர்வரையே ‘கேன்சல்’ செய்யப் போனார். அதற்குத் தேவையே இல்லை: ஓடுகிற சர்வருக்கு உத்தரவிடும் மாடிஃபை கட்டளையில் ‘ரிலீஸ்’ என்று போட்டு அந்த டேட்டாசெட் பெயரைக் கொடுத்தால் விட்டுவிடும். இந்தக் கட்டளையை ஆபரேட்டர்களின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கோப்புப் பட்டியல் காட்டும் ஒரு ‘எல்எஸ் -எல்’ கூட விலை வைக்கும். டெக்ஸ்ட் மௌண்ட்டில் ஒரு கோப்பின் சரியான அளவைச் சொல்ல சர்வர் அதை முழுதாகப் படித்தாக வேண்டியிருக்கும். பயன்படாத டேட்டாசெட்டுகளை ஒதுக்கிவைக்கும் எச்எஸ்எம் டேப்புக்கு அனுப்பியவை அந்தப் பட்டியலில் இருந்தால் அவற்றைத் திரும்பக் கொண்டுவரவும் ஆரம்பிக்கலாம். வெறுமனே பட்டியல் பார்க்கும் மௌண்ட்டுகளுக்கு ‘நோரிட்ரீவ்’ கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. சோதனைக்காக ‘செக்யூரிட்டி’ மதிப்பை ‘நன்’ (none, எந்தச் சோதனையும் இல்லை) என்று வைத்துவிட்டு, அப்படியே ப்ரொடக்‌ஷனுக்குப் போகிறார்கள். ‘சாஃப்’ (ராக்எஃப் போன்ற பாதுகாப்பு மென்பொருளின் சோதனை) என்று மாற்றியவர்களும், எந்த டைரக்டரியை யார் மௌண்ட் செய்யலாம் என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் பட்டியல் இன்னும் பார்க்கப்படுகிறது என்று நம்புகிறார்கள். பார்க்கப்படாது. இரண்டும் வேண்டுமென்றால் ‘சாஃபெக்ஸ்ப்’. அதிலும் எக்ஸ்போர்ட்ஸில் டைரக்டரி பெயரை மட்டும் எழுதி, யாருக்கு என்று எழுதாவிட்டால், எந்த கிளையன்ட்டும் எழுதும் உரிமையோடு மௌண்ட் செய்யலாம். பட்டியலைத் திருத்திய பிறகு மாடிஃபை கட்டளையில் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ்’ கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். பிறகு அனுமதி இல்லாத ஒரு மெஷினில் உட்கார்ந்து நீங்களே ஒருமுறை மௌண்ட் அடித்துப் பாருங்கள். அது ஏறிவிட்டால் அன்று வீட்டுக்குப் போகாதீர்கள்.