டொரன்டோவிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்கு பஸ்ஸில்: வழியில் ஊர்க்காரர் வீடுகளில் தங்கிப் போவது எப்படி?

டொரன்டோவிலிருந்து கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் சாலை வழியே ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். விமானத்தில் ஏறினால் அரை நாளுக்குள் வேலை முடிந்துவிடும். அப்படியில்லை, பஸ்ஸிலேயே போக வேண்டும், வழியில் உள்ளூர்க்காரர் வீட்டில் தங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பதிவு. விசா, வங்கி அட்டை, சிம் கார்டு எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய பதிவுகளை மூடிவையுங்கள்

ஒரே கம்பெனியில் டிக்கெட் எடுத்துக் கனடாவின் பெரும்பகுதியைக் கடந்த காலம் போய்விட்டது. கிரேஹவுண்ட் 2018 அக்டோபர் கடைசியில் மேற்குக் கனடாவில் ஏறக்குறைய எல்லாத் தடங்களையும் நிறுத்தியது. 2021 மே மாதம் மிச்சமிருந்த உள்நாட்டுத் தடங்களையும் மூடிவிட்டது. இப்போது பகுதிக்கு ஒரு கம்பெனி. நம் வழியில் மூன்று பேர்: டொரன்டோ–மான்ட்ரியல் மெகாபஸ், கியூபெக் மாகாணத்துக்குள் ஓர்லியான்ஸ் எக்ஸ்பிரஸ், அதற்குக் கிழக்கே மாரிடைம் பஸ்.

டொரன்டோவில் டன்டாஸ் பக்கம் இருந்த பழைய பஸ் நிலையமும் 2021இல் மூடியாயிற்று. இப்போது யூனியன் ரயில் நிலையத்தை ஒட்டிய புதிய பஸ் நிலையம். எல்லாக் கம்பெனியும் அங்கிருந்துதான் கிளம்பும் என்றில்லை, டிக்கெட்டில் உள்ள முகவரியைப் படியுங்கள்.

படி 1: குறைவாக ஓடும் வண்டியை முதலில் பிடியுங்கள்

எல்லாரும் டொரன்டோ டிக்கெட்டை முதலில் வாங்குவார்கள். வேண்டாம். டொரன்டோ–மான்ட்ரியல் வண்டி எப்போதும் கிடைக்கும். சிக்கல் நடுவில், ரிவியேர்-டு-லூ என்ற ஊரில். கியூபெக் நகரத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தச் சின்ன ஊரில்தான் ஓர்லியான்ஸ் உங்களை இறக்கிவிடும், மாரிடைம் ஏற்றிக்கொள்ளும். அங்கிருந்து அடுத்த மாகாணமான நியூ பிரன்ஸ்விக் போகும் வண்டி கேட்ட நேரத்துக்கெல்லாம் கிடைக்காது. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி என்று மாரிடைம் தளத்தில் பார்த்து அந்த டிக்கெட்டை முதலில் எடுங்கள். மற்ற எல்லாம் அதை ஒட்டித்தான்.

இரண்டு கம்பெனி, இரண்டு டிக்கெட். முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வையுங்கள். சின்ன ஊர்களில் பஸ் நிலையம் என்பது பல சமயம் ஒரு பெட்ரோல் பங்கோ மளிகைக்கடையோதான். கடை மூடிவிட்டால் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு ஏற்ற உடுப்பு பெட்டிக்குள் இல்லாமல் கையில் இருக்கட்டும்.

விலை ஒப்பிட பஸ்பட் தளம் நல்லது. வாங்குவது மட்டும் அந்தந்தக் கம்பெனியிடமே. தேதி மாற்ற வேண்டி வந்தால் இடையில் இன்னொருவர் இருப்பது பெரிய தொல்லை.

கியூபெக் நகரத்தில் காரே டு பலே, சான்-ஃபுவா என்று இரண்டு நிறுத்தம் உண்டு. இரண்டுக்கும் நல்ல தூரம். எதில் ஏறுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், செயின்ட் லாரன்ஸ் ஆறு அந்தப் பக்கம்தான்.

படி 2: கடிகாரம்

என்னைத் தலையைச் சொறியவைத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியூபெக்கைவிட நியூ பிரன்ஸ்விக் ஒரு மணி நேரம் முன்னால். அட்டவணையில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். ரிவியேர்-டு-லூவிலிருந்து நியூ பிரன்ஸ்விக்கின் எல்லையோர ஊரான எட்மன்ஸ்டனுக்குப் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். 3:00க்குக் கிளம்பினால் தாளில் 5:30 என்று போட்டிருக்கும். திரும்பி வரும்போது 3:00க்குக் கிளம்பி 3:30க்கு வந்துவிடும்! அச்சுப்பிழை இல்லை.

இதுவரை சுலபம். எட்மன்ஸ்டனில்தான் வேடிக்கை. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரை அமெரிக்கா, மெயின் மாநிலத்தின் மடவாஸ்கா. அங்கே நேரம் கியூபெக் நேரம்தான். உங்கள் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் நின்ற இடத்திலேயே மணி ஒன்று குறைந்துவிடும். நான் தங்கிய வீட்டில் அடுப்பின் மேலிருந்த கடிகாரம் 7:10 என்றது, கைபேசி 6:10 என்றது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று காலை நீட்டி உட்கார்ந்தால் வண்டி போய்விடும். கூடவே அமெரிக்க ரோமிங் கட்டணமும் ஏறும்.

செய்ய வேண்டியது: ரிவியேர்-டு-லூ தாண்டியதும் அமைப்புகளுக்குள் போய் நேர மண்டலத்தைத் தானாக மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, ‘ஹாலிஃபாக்ஸ்’ என்று கையால் தேர்ந்தெடுங்கள். டேட்டா ரோமிங்கையும் அணையுங்கள். அலாரத்துக்கு நான் சாதாரணக் கைக்கடிகாரத்தைத்தான் நம்புகிறேன். (ஹாலிஃபாக்ஸோடு நிற்காமல் நியூஃபவுண்ட்லாந்து வரை போனால் இன்னும் அரை மணி நேரம் கூட்ட வேண்டும். நம் இந்திய நேரத்தில் இருக்கும் அதே அரை மணிக் கணக்கு.)

படி 3: வீடு கேட்பது

உள்ளூர்க்காரர் வீட்டில் வாடகையில்லாமல் தங்க உதவும் கௌச்சர்ஃபிங் தளம் 2004இல் தொடங்கியது. 2006இல் தரவுகள் அழிந்து மூடும் நிலைக்குப் போனபோது, மான்ட்ரியலில் கூடியிருந்த தொண்டர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். 2020 மே மாதத்திலிருந்து அது கட்டணத் தளம். அதே மாதிரியான பிவெல்கம் தளம் இலவசம், தொண்டர்கள் நடத்துவது. நான் முதலில் தேடுவது அங்கேதான். மான்ட்ரியல், ஹாலிஃபாக்ஸ் போன்ற ஊர்களுக்கு அது போதும். சின்ன ஊர்களில் ஆள் கிடைக்காவிட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கௌச்சர்ஃபிங்குக்குப் பணம் கட்டுங்கள். இதே வேலையைச் செய்யும் செர்வாஸ் அமைப்பு 1949இலிருந்து இருக்கிறது. நேர்காணல் வைத்துத்தான் சேர்ப்பார்கள். பொறுமை இருந்தால் நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள்.

கடிதம் எழுதும்போது ‘நான் உலகம் சுற்ற விரும்புபவன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது இது: பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வருவீர்கள், எத்தனை இரவு (இரண்டுக்கு மேல் கேட்க வேண்டாம்), சைவமா, பூனை முடி ஒத்துக்கொள்ளுமா. அவர்கள் தங்களைப் பற்றி எழுதியதில் ஏதாவது ஒன்றைப் படித்ததற்கு அடையாளமாக ஒரு வரி. எட்மன்ஸ்டன் பக்கம் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுபவர்கள், அதனால் முதல் இரண்டு வரியைப் பிரெஞ்சில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

மற்றவர்கள் எழுதிய குறிப்புகளை, குறிப்பாகப் பெண்கள் எழுதியதை, கடைசி வரை படியுங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள். மாற்று இடம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கோடையில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் விடுதி அறைகளை வாடகைக்கு விடும்.

படி 4: வீட்டுக்குள்

செருப்பை வாசலில் கழற்றுவது அங்கேயும் வழக்கம், அதில் பிரச்சினையில்லை. பிரச்சினை குளியலறையில். பெரும்பாலான கனடிய வீடுகளில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. நாம் பழக்கதோஷத்தில் நாலா பக்கமும் ஊற்றினால் கீழ்த்தளத்தின் கூரையில் ஒழுகும். திரைச்சீலையின் அடிப்பகுதியைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளியுங்கள். முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது தாளிப்பு. ஒருவேளை சமைத்துப் போட்டால் வீட்டுக்காரர்கள் மகிழ்வார்கள், ஆனால் மிளகாய் கருகிய புகைக்குப் புகை அலாரம் வீடே அதிரும்படி கத்தும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, எண்ணெயை மிதமாகக் காயவிட்டுக் கடுகைப் போடுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

அவர்கள் சமைப்பதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். எட்மன்ஸ்டன் வட்டாரத்தில் ‘ப்ளோய்’ என்று ஒன்று சுடுவார்கள், பக்வீட் என்ற தானியத்தின் மாவில். திருப்பிப் போடுவதில்லை, மேல்பக்கம் ஆப்பம் மாதிரி கண் கண்ணாகப் பூத்ததும் எடுத்து, வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொடுப்பார்கள். வெல்லப்பாகு மாதிரி இருக்கும் மொலாஸஸ் ஊற்றியும் சாப்பிடலாம்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தது

ஹாலிஃபாக்ஸ் போகும் வண்டி அதற்கு முன்பே, துறைமுகத்துக்கு அக்கரையில் உள்ள டார்ட்மத்தில் நிற்கும். தங்கப்போகும் வீடு டார்ட்மத்தில் என்றால் அங்கேயே இறங்குங்கள். தெரியாமல் ஹாலிஃபாக்ஸ் ரயில் நிலையம் வரை போய்விட்டாலும் கவலையில்லை, துறைமுகத்தைக் கடக்கப் படகு இருக்கிறது.

ஜனவரியில் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போகலாம், ஆனால் பனிப்புயலில் நியூ பிரன்ஸ்விக்கின் மான்க்டனுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் நடுவே கொபெக்விட் கணவாய்ச் சாலையை மூடிவிடுவதுண்டு, வண்டியும் ரத்தாகும். புயல் எச்சரிக்கை வந்தாலே அன்று தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் இன்னும் ஓர் இரவு கேட்டுவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கும் உடனே செய்தி அனுப்புங்கள். அவர் உங்களுக்காக வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கலாம்.