நாய் போதைப்பொருளைத் தின்றுவிட்டதா? கண்டுபிடிப்பது எப்படி

நன்றாக இருந்த நாய் திடீரென்று தள்ளாடுகிறது, தன்னையறியாமல் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடுகிறது, முகத்தருகே கையைக் கொண்டுபோனால் திடுக்கிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால், முதலில் கஞ்சாவைச் சந்தேகியுங்கள். இதயத் துடிப்பும் உடல் சூடும் பெரும்பாலும் குறைந்திருக்கும். கொக்கைன், மெத்தம்பெட்டமின் என்றால் நேர்மாறு: ஓயாத பரபரப்பு, விரிந்த கண்பாவை, படபடவென்ற துடிப்பு, நடுக்கம், வலிப்பு. உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதுவே உயிருக்கு ஆபத்து. ஹெராயின், ஃபெண்டானில் என்றால் அரைமயக்கம், சுருங்கிய கண்பாவை, மெதுவான மூச்சு.

மனிதர்களுக்கான சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை முழுசாக நம்ப வேண்டாம். கஞ்சாவை நாயின் உடல் சிதைக்கும் விதமே வேறு. பட்டை தேடும் கழிவுப்பொருள் அதன் சிறுநீரில் போதிய அளவு இருப்பதில்லை. அதனால் கஞ்சா தின்ற நாய்க்கும் 'இல்லை' என்று காட்டிவிடும். ஃபெண்டானிலும் ஹெராயின் வகையைத் தேடும் சாதாரண ஓபியேட் பட்டையில் சிக்காது. அறிகுறிகளுக்குத்தான் அதிக மதிப்பு.

இதே தள்ளாட்டம் ரேடியேட்டர் கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகோலாலும் வரும், ரத்தச் சர்க்கரை இறங்கினாலும் வரும். எனவே கால்நடை மருத்துவரிடம் சர்க்கரையை உடனே பார்க்கச் சொல்லுங்கள். கஞ்சா கலந்த இனிப்பில் சாக்லேட்டோ, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பூட்டியோ இருக்கலாம். அவையும் நாய்க்கு விஷம். உறையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மயங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். என்ன தின்றது, எப்போது தின்றது என்பதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையையும்விட வேகமாக நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தகவல்தான்.